குனிஞ்சம்மாவின் கண்கள்

ஈப்போவில் கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; என் பொழுதுபோக்கைக் கேள்விப்படுகிற ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். சுற்றிலும் சுண்ணாம்பு மலை, இடையிடையே ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகள், அவ்வளவுதான் எங்கள் ஊர். உப்புத் தண்ணீரைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், புந்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் பழைய கப்பல்களின் மரச்சிற்பங்களைச் சேர்க்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. பங்கோர் தீவுக்குப் போகிற படகில் ஏறி, அது கரையை விட்டு நகர்வதற்குள் நான் ஒரு பிளாஸ்டிக் பையை நிரப்பிவிடுவேன். ஒருமுறை பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா தன் கைக்குழந்தைக்காக எடுத்து வைத்திருந்த பையையும் எனக்கே கொடுத்துவிட்டார். குழந்தை சும்மா சிரித்துக்கொண்டு வந்தது.

என் மனைவி இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் அடக்கி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணீரோடு சேர்த்து அதையும் பரிமாறுவாள்: “கப்பல் வாங்க வக்கில்ல, கப்பலோட மூக்க வாங்கிட்டு வாராரு.”

அவள் சொல்வது சரிதான். பழைய பாய்மரக் கப்பல்களின் மூக்கில், அலைக்கு நேராக, முன்னால் சாய்ந்தபடி ஒரு மரச்சிலை இருக்கும். பெண்ணாக இருக்கலாம், சிங்கமாக இருக்கலாம், மீசை வைத்த பிரபுவாகவும் இருக்கலாம். மாலுமிகளுக்கு அது காவல். முகப்புச் சிலை என்று நான் சொல்வேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கப்பல் பொம்மை. தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில், பெயிண்ட் பிரிவில், பதினேழு வருஷம் கார்களின் மூக்குக்குச் சாயம் அடித்தவன் நான். வேலையை விட்ட பிறகு கப்பல் மூக்கின்மேல் ஆசை வந்தது. மனிதனுக்குப் பிடிக்கிற பைத்தியம்கூட அவன் தொழிலை ஒட்டித்தான் பிடிக்கும்போல.

சேர்த்து வைத்திருப்பது ஒன்றும் புதையல் இல்லை. தொங்கான் என்கிற சரக்குப் படகு ஒன்றின் பின்பலகை, அதில் சாயம் போன ஒரு பறவை. கீழ்த்தாடை இல்லாத ஒரு சிங்க முகம். சீனர்கள் மீன்பிடிப் படகின் முன்புறத்தில் இரண்டு பக்கமும் கண் வைப்பார்கள், படகு வழி பார்த்துப் போக வேண்டும் என்று. அப்படி ஒரு சோடி மரக்கண். அப்புறம் ஒரு கடல்கன்னி. பழைய டவுன் கடைக்காரர் அவளுக்கு இருநூறு வயது என்று சத்தியம் செய்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்தபோது வாலுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. இந்தோனேசியாவில் ஏதோ ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலை. அவளைக் குளியலறையில் மாட்டியிருக்கிறோம். துண்டு தொங்கவிட வசதியாக இருக்கிறாள்.

இத்தனை ஏமாந்த பிறகுதான் அந்த அழைப்பு வந்தது.

ஹுத்தான் மெலிந்தாங்கில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே பேசினார். தோட்டத்து ஆட்களுக்குச் சாமான் விற்று வளர்ந்த குடும்பம். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். “அண்ணே, ஒரு பொம்பள வந்திருக்கா. வயசானவதான், ஆனா நல்ல சாமான். நேர்ல வந்து பாரு லா,” என்றார். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். விளக்கம் சொல்லி முடிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. கீரை அன்றைக்கு வேகவே இல்லை.

அடுத்த நாள் போனேன். கடையின் பின்கொட்டகையில், பழைய ஐஸ்பெட்டிகளுக்கு நடுவில், அவள் சாய்ந்து கிடந்தாள். நிறுத்தினால் என் நெஞ்சு வரை வருவாள். வலது கை மார்பின்மேல். இடது கை முழங்கையோடு போய்விட்டது. உடம்பு முழுக்க ஒரு விரல் கனத்துக்குப் பெயிண்ட், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, புகைக்கரி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கட்டி. அந்தக் கட்டியில், கண் இருக்க வேண்டிய இடத்தில், கண் வடிவில் இரண்டு மெல்லிய வெள்ளித் தகடுகள், சின்னச் சின்ன ஆணிகளால் அடிக்கப்பட்டிருந்தன. நான் அதையெல்லாம் தாண்டிப் போய் அவளைப் புரட்டிப் பார்த்தேன். முதுகு சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. கீழே இரண்டு ஆழமான துளைகள், உள்ளே துரு. கப்பலின் மூக்கில் முடுக்கிய போல்ட்டுகளின் துளை.

அந்தத் துருவைப் பார்த்ததோடு என் புத்தி வேலை நிறுத்தம் செய்துவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஏதோ தோட்டத்தை அழித்தபோது மண்வாரி ஓட்டிய ஆள் கொண்டுவந்து போட்டது, இத்தனை வருஷமும் தகரத்துக்கு அடியில் கிடந்தது, இப்போது கொட்டகையைச் சுத்தம் செய்ததில் வெளியே வந்தது என்றார். எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நான் தமிழன். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு சாத்துகிற கண்மலர் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கப்பல்தான் வேண்டியிருந்தது. சீனர்கள் படகுக்குக் கண் வைக்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி எவரோ ஒரு மீன்பிடிக்காரர் இவளுக்கும் வைத்திருக்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன். கப்பல் கண். பெயரும் வைத்தாயிற்று, பிரச்சினையும் தீர்ந்தது.

வாடகை வேனில் அவள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும், கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்த என் மனைவி தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சீன அம்மா இரண்டு கையையும் கூப்பி மூன்று தடவை ஆட்டினார். வேன் ஓட்டி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவளைத் தூக்கினார். மூன்று பேருக்கும் ஏதோ தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் போல்ட்டுத் துளை.

பெயிண்ட் உரிப்பது எனக்குக் கைவந்த வேலை. வாசலில் பழைய நாளிதழ்களை விரித்து மூன்று வாரம் உட்கார்ந்தேன். உரிக்கும் திரவம், சுரண்டி, உப்புத்தாள். மேலே மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு, நீலம், மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. ஒவ்வொரு பூச்சும் ஒரு திருவிழா என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது வெறும் வேலை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பச்சை இருந்தது. பாசி மாதிரி மங்கலான பச்சை. சுரண்டியை நிறுத்திவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். எங்கேயோ நான் கை வைத்துத் தள்ளிய நிறமாக இருந்தது. எங்கே என்று யோசிக்காமல் அதையும் உரித்தேன்.

கண்களைக் குறடால் பிடுங்கினேன். அவற்றில் ஒன்று ஓரத்தில் நசுங்கியிருந்தது. இருமல் மிட்டாய் டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது, அதில் போட்டு மூடினேன். ஆணித் துளைகளில் காருக்கு வைக்கிற பட்டியை வைத்து அடைத்துத் தேய்த்தேன். உரித்த செதில்களை நாளிதழோடு சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். செவ்வாய்க்கிழமை குப்பை லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது.

உள்ளேயிருந்து ஒரு முகம் வந்தது. வெள்ளைக்காரப் பெண். காற்றில் பின்னால் பறக்கிற கூந்தல், லேசாகத் திறந்த வாய், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போல. படம் எடுத்து இணையத்தில் சேகரிப்பாளர்கள் குழு ஒன்றில் போட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மரத்தையும் துளையையும் பார்த்துவிட்டு, இது உண்மையாகவே கடலில் ஓடிய கப்பலுடையதுதான் என்று எழுதினார். ஒரு வாரம் புந்தோங் மார்க்கெட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். “என்னண்ணே, முதுகு புடிச்சிக்கிச்சா?” என்று மீன்காரர் விசாரித்தார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டு வந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நாங்கள் பிறந்தது ஹுத்தான் மெலிந்தாங்குக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில். எனக்கு ஐந்து வயதில் கண்ணில் ஏதோ நோய் வந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், மாமா வீட்டில் தங்கவைத்தார்கள், கண் சரியான பிறகு அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள். நான் டவுன்காரன் ஆகிவிட்டேன். அக்கா அங்கேயே கிடந்தாள். பாலுக்கு மரம் சீவினாள், கல்யாணம் கட்டினாள், நிலத்தை விற்றவர்கள் வெளியே போகச் சொல்கிற வரை இருந்தாள், அப்புறம்தான் புந்தோங்குக்கு வந்தாள். தோட்டத்தின்மேல் அவளுக்கு ஒரு பாசமும் கிடையாது. “கொசுவும் அட்டையும் ஆபீசு கிராணியோட ஏச்சும். அத நெனச்சு எவன் அழுவான்,” என்பாள்.

அங்கே அவளுக்கு ஒட்டுதல் இருந்தது ஒரே ஓர் ஆளோடு. அது குனிஞ்சம்மா. மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், தனியாக ஒரு தகரக் கொட்டகையில் நின்ற மரச்சாமி. எப்போதோ வெள்ளத்தில் ஆற்றோடு வந்து ஒதுங்கியது என்பார்கள். முன்பக்கம் சாய்ந்தே நிற்கும். என்ன முட்டுக்கொடுத்தாலும் நிமிராது. வருகிறது யார் என்று குனிந்து பார்க்கிறாள் என்று யாரோ சொல்லி, அதுவே பெயராகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கு அக்காவின் பொறுப்பு. என் நினைவில் குனிஞ்சம்மா என்பது ஒரு மஞ்சள் சேலை, ஒரு மாலை, நடுவில் மினுங்குகிற இரண்டு கண். சேலைக்குள் என்ன இருந்தது என்று ஐந்து வயதில் நான் யோசித்ததில்லை. அதற்குப் பிறகும் யோசிக்கவில்லை.

தோட்டத்தை மூடிய சமயத்தில் அக்கா தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் தன் வீட்டுக்காரருக்குத் துணையாக இருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் கொட்டகை இருந்த இடம் தரைமட்டம். கல் மாரியம்மனை லாரியில் ஏற்றி டவுனில் புதுக் கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குனிஞ்சம்மா எங்கே என்று கோயில் தலைவரைக் கேட்டாள். முறைப்படி பூசை போட்டு, மேளம் வைத்து, தொங்கானில் ஏற்றிப்போய் ஆற்றுமுகத்தில் கடலில் இறக்கிவிட்டோம் என்றார் அவர். யாருடைய தொங்கான், யார் மேளம், யார் கூடப் போனது என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கூடப் போனேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியில், நிறைந்த சபையில், அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டாள்.

அதாயிற்று இருபது வருஷத்துக்கு மேல். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகள் குறைந்தன. “அதுக்குக் கொஞ்சம் கழண்டுருச்சு,” என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். அவள் பேச்சு மட்டும் மாறவில்லை. அவ கடலுக்குப் போகலடா, அந்தாளு பொய் சொல்றான் என்பாள். நான் அதை ரேடியோ மாதிரிக் கேட்டுப் பழகிவிட்டேன். காதில் விழும், உள்ளே போகாது. இத்தனைக்கும் அவளுக்கு வேண்டியிருந்தது சாமிகூட இல்லை. தான் பைத்தியம் இல்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான். அது என் வீட்டுக் கூடத்தில் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றது.

தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு அக்கா வந்தாள். என் சேகரிப்புக்கு அவள் வைத்திருந்த பெயர் விறகுக் கடை. ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு வாசலைத் தாண்டியவள் நின்றுவிட்டாள். டின்னைக் கீழே வைக்கவில்லை.

“இது ஏன்டா இப்படிக் குனிஞ்சு நிக்குது?”

கப்பல் மூக்கில் மாட்டுவதற்காக அப்படிச் செதுக்குவார்கள் என்று என் பாடத்தை ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உடைந்த இடது கையின் முனையைத் தொட்டாள். இந்த மாதிரி மொண்டிக் கையில்தான் நாங்கள் குனிஞ்சம்மாவுக்கு வளையல் போடுவோம் என்றாள். என்னிடம் சொல்வது போல இல்லை. குனிஞ்சம்மாவின் முதல் பூச்சு அப்பா அடித்தது என்றாள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக் கதவுகளுக்கு ஆபீசில் கொடுத்த பச்சைப் பெயிண்டில் மிச்சம் பிடித்து வந்து அடித்தாராம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பச்சை எது என்று விளங்கியது. எங்கள் லயத்து வீட்டுக் கதவு. ஐந்து வயதுக் கையின் உயரத்தில் அதைத் தள்ளித் திறந்திருக்கிறேன்.

“ஒனக்குக் கண்ணு போயிரும்னு சொன்னாங்கள்ல,” என்றாள் அக்கா, “அப்ப அம்மா நேந்துக்கிட்டு ரெண்டு கண்ணு வாங்கிப் போட்டாங்க. ஆணி அடிக்கச் சுத்தியல் கெடைக்கல, அம்மிக் கொழவியால அடிச்சாங்க. ஒரு கண்ணு ஓரத்துல நசுங்கிருச்சு. அவ கோவிச்சுக்குவாளோன்னு அன்னிக்குப் பூரா அழுதாங்க.”

பிறகு என்னைப் பார்த்தாள். சேலையும் சாயமும் இல்லாமல் அவள் குனிஞ்சம்மாவைப் பார்த்ததே இல்லை. உடம்பை வைத்து அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

“நீ வாங்குனப்ப பெயிண்டு இருந்துச்சாடா?”

“இல்லக்கா. இப்படித்தான் வெறுங்கட்டையா இருந்துச்சுக்கா.”

“கண்ணு?”

“எந்தக் கண்ணு?”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். சிலையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பது கொஞ்சம். அம்மா அடித்த ஆணியைக் குறடால் பிடுங்கினேன், அப்பா அடித்த பெயிண்டைக் குப்பை லாரியில் ஏற்றினேன் என்று எப்படி வாய் திறந்து சொல்வது என்பது மிச்சம். அவள் ஆசையாகத்தான் கேட்டாள். எனக்கு அது போலீஸ் விசாரணை மாதிரி கேட்டது.

அக்கா தான் தொட்ட இடத்தைச் சேலை முந்தானையால் துடைத்தாள், அடுத்தவர் பொருளைத் தொட்டுவிட்டது போல.

“அப்ப இவ அவ இல்ல,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அவரு சொன்னது நெசந்தான் போலருக்கு.”

இருபது வருஷமாக ‘அந்தாளு’ என்றவள் முதல் தடவையாக ‘அவரு’ என்றாள். முறுக்கு டின்னை மேசைமேல் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

என் மனைவி அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தாள். இருமல் மிட்டாய் டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். “ஏங்க, பொய் சொல்றப்ப ஒங்களுக்கு என்னமா மரியாத வருது. வரிக்கு ரெண்டு அக்கா,” என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மறுநாளே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். மறுநாள் மழை. அடுத்த நாள் அவளுக்குப் பள்ளிக்கூட கேண்டீனில் வேலை. அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமையில் இதைப் போய்ச் சொல்வதா என்று தள்ளினேன். பொய்யை ஒத்துக்கொள்வதற்கு நல்ல நாள் பார்க்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை; அதை ஆரம்பித்துவைத்த பெருமை எனக்கே. வாய்ப்புக் கிடைக்கும்போது கைக்கு எட்டட்டும் என்று டப்பாவை எடுத்துக் காரின் டேஷ்போர்டுக்குள் வைத்தேன். அக்காவை மார்க்கெட்டுக்கும் கிளினிக்குக்கும் ஏற்றிப் போகிறவன் நான்தான். வாய்ப்புக்கு என்ன குறைச்சல்?

இரண்டு மாதம் கழித்து, பழைய தோட்டத்து ஆட்கள் சந்திப்பு ஒன்று புந்தோங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு வந்தது. இத்தனை வருஷமும் அந்தப் பக்கமே போகாத அக்கா, கூட்டிப் போடா என்றாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் பசியும் இருந்தது.

கோயில் தலைவர் வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், கையில் தடி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரவேற்புரை முடிந்ததும் அக்கா எழுந்து போய் மைக்கைக் கேட்டாள். கொடுக்கலாமா என்று இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய சண்டையை எல்லாரும் அறிவார்கள். நான் பின்வரிசையில் வடையைக் கடித்திருந்தேன்.

“இருபது வருஷமா நான் ஒருத்தரத் தப்பாப் பேசிட்டேன்,” என்றாள் அக்கா. “குனிஞ்சம்மாவ அவங்க மொறையாத்தான் அனுப்பியிருக்காங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. தலைவரே, என்னை மன்னிச்சிருங்க.”

அவர் காலருகில் போய்க் குனிந்தாள். அவர் அவசரமாகத் தடுத்தார். “பரவால்லம்மா. உக்காருங்க,” என்றார். மண்டபம் கைதட்டியது. வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, ஒங்கக்கா பெரிய மனசுக்காரங்க லா என்றார். நான் வாயை மூடிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

மானம் கப்பலேறிப் போச்சு என்று பேச்சுக்குச் சொல்வோம். அன்றைக்கு ஏறியது அக்காவுடைய மானம். கப்பல் என்னுடையது.

கை கழுவுகிற குழாயடியில் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“தம்பி, ஒங்க கப்பல் பொம்மை படத்த என் மருமகன் காட்டுனாரு,” என்றார். “சேல இல்லாம அவளப் பாத்தவங்கள்ல இன்னைக்கு இருக்கறது நான் ஒருத்தன்தான்.”

நான் கையில் சோப்பைத் தேய்த்தேன். அவர் விரல் விரலாகக் கழுவினார்.

“அன்னைக்கு லாரில எடம் பத்தல தம்பி. அவ்வளவுதான்.”

குழாயை மூடிவிட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே கமிட்டி.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்காதது. அக்காவுக்கு நல்லது நடந்தது. பத்திரிகைகள் மறுபடி வர ஆரம்பித்தன. தப்பை ஒத்துக்கொண்ட பெரிய மனுஷி என்று கல்யாண வீடுகளில் முன்னால் உட்காரவைத்தார்கள். கழண்டுபோனது திரும்ப மாட்டிக்கொண்டது என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒன்று மட்டும் நின்றுபோனது. தோட்டத்தை விட்டு வந்த பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் தன் வீட்டு வாசலில் ஓர் அகல் தனியாக ஏற்றி வைப்பாள். எங்கேயோ மண்ணுக்குள் கிடக்கிறவளுக்கு என்பாள். அதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று என் மனைவி கேட்டதற்கு, கடலுக்குப் போய்ச் சேர்ந்தவளுக்கு எதுக்கு வெளக்கு என்றாளாம்.

நான் சிலையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். முன்னால் சாய்ந்தவள் ஆதலால் நெற்றி போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மூலையில் நிற்கவைத்த பிள்ளை மாதிரி நிற்கிறாள். தண்டனை யாருக்கு என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். சேகரிப்பாளர்கள் குழுவிலிருந்து இன்னும் சிலர் அவளைப் பற்றி விசாரித்து எழுதுகிறார்கள். பதில் போடுவதில்லை.

போன மாதம் தலைவர் இறந்துபோனார்.

அக்காவை நான்தான் கூட்டிப்போனேன். அவருடைய மகள்கள்கூட அப்படி அழவில்லை. அக்கா பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, நல்ல மனுசன நான் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேனே என்று அழுதாள். தூக்குகிற வரை எழுந்திருக்கவில்லை. பெட்டிக்குள் அவர் முகம் அமைதியாகத்தான் இருந்தது. நான் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. கமிட்டியில் மிச்சமிருந்தது நான் ஒருவன்தான்.

திரும்பி வரும்போது அக்கா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். இப்போது சொல், இப்போது சொல் என்று ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். இனிமேல் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர் போய்விட்டார். என் மானத்தைத் தவிர வேறொன்றும் போகாது. வாயைத் திறந்தேன்.

“சாகறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்டுட்டேன்டா,” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். “அதுவாச்சும் கெடச்சுச்சே. ஒன்னோட அந்தப் பொம்மையப் பாக்கலன்னா கேட்டிருக்கவே மாட்டேன். ஒன்னாலதான்.”

நான் ஏர்கண்டிஷனைக் கூட்டினேன்.

புந்தோங்குக்குள் நுழைந்தால் சாலையில் வரிசையாக மேடு போட்டிருப்பார்கள். முதல் மேட்டில் ஏறி இறங்கியபோது டேஷ்போர்டுக்குள் டப்பா குலுங்கியது. கிலுக்.

“என்னடா சத்தம்?”

“ஸ்க்ரூ லூசாயிருச்சு போலக்கா.”

இரண்டாவது மேடு. கிலுக், கிலுக்.

“கார் பேக்டரில வேல பாத்தவன். வெக்கமா இல்ல? ஒர்க்ஷாப்ல காட்டுடா.”

“காட்டுறேன்க்கா.”

மூன்றாவது மேடு வருவதைப் பார்த்து அக்கா கையை நீட்டி டேஷ்போர்டு மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது. வீடு வந்து சேரும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.